நான்கு அடியில் தொடங்குங்கள்: நுண்வாசிப்பும் கோட்பாடும் கற்க ஒரு வழி

முதுகலையிலோ ஆய்வுப் படிப்பிலோ இலக்கியம், வரலாறு, பண்பாட்டு ஆய்வு என்று எதை எடுத்தாலும் முதல் பருவத்திலேயே ஃபூக்கோ, தெரிதா, ஸ்பிவாக் என்ற கோட்பாட்டாளர்களின் பெயர்கள் வந்துவிடுகின்றன. அவர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுத மாணவர்களுக்கு விரைவில் பழகிவிடுகிறது. ஆனால் ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, "இதில் மொழி என்ன செய்கிறது?" என்று கேட்டால் வருவது கதைச்சுருக்கம். கோட்பாடு ஒரு பக்கமும் பிரதி (வாசிக்க எடுத்த எழுத்து) ஒரு பக்கமும் ஒட்டாமல் நிற்கும் ஆய்வேடுகள் இப்படித்தான் உருவாகின்றன.

இதற்கு மருந்து வரிசையை மாற்றுவது. முதல் 6 வாரம் கோட்பாட்டைத் தொடாமல் நுண்வாசிப்பு மட்டும், அதாவது ஒரு சிறு பகுதியைச் சொல் சொல்லாகக் கவனித்து வாசிப்பது மட்டும் பழகுங்கள். தினம் 40 நிமிடம் போதும். அதன் பிறகு கோட்பாட்டுக்குள் போனால், அந்தக் கட்டுரைகளும் யாரோ ஒருவர் இன்னொரு பிரதியை நுணுக்கமாக வாசித்ததன் விளைவுதான் என்பது தெரியவரும். பிரெஞ்சு விமர்சகர் பார்த் 'ஆசிரியனின் மரணம்' கட்டுரையைத் தொடங்குவது நாவலாசிரியர் பால்சாக்கின் ஒரு வாக்கியத்தை எடுத்துவைத்து, "இதைப் பேசுவது யார்?" என்று கேட்டுத்தான். தெரிதா ரூசோவை வரிவரியாக வாசிக்கிறார். அந்த வேலையைத் தானே செய்து பார்க்காதவருக்கு அவர்களின் முடிவுகள் மந்திரம்போலத் தெரியும்; மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது

கவிதையென்றால் 4 முதல் 20 அடி. உரைநடையென்றால் 150 முதல் 300 சொல். நாவல் முழுவதையும் எடுக்காதீர்கள். நாவலில் ஒரு பத்தியை எடுங்கள். பகுதி பெரிதானால் கை தானாகச் சுருக்கம் எழுதப் போய்விடும்.

பகுதியை முதலில் கையால் எழுதிப் படியெடுங்கள். தட்டச்சு செய்வதைவிட இது மெதுவானது, அந்த மெதுவுக்காகத்தான் இது. எந்த இடத்தில் அடி முறிகிறது, எந்தச் சொல் திரும்ப வருகிறது என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரியும். அடிகளுக்கு எண் போடுங்கள். இரண்டு பக்கமும் ஓரம் தாராளமாக விடுங்கள்: இடப்பக்க ஓரம் கவனிப்புகளுக்கு, வலப்பக்க ஓரம் கேள்விகளுக்கு. இரண்டையும் ஒரே ஓரத்தில் எழுதினால் ஒரு வாரத்தில் எது பிரதியில் இருந்தது, எது உங்கள் மனதில் இருந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே பாடலை வைத்துக்கொள்வோம். குறுந்தொகையின் 3ஆம் பாடல், தேவகுலத்தார் பாடியது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

பள்ளியிலேயே கேட்ட பாட்டு என்பதால் 'தெரியும்' என்று தோன்றும். பயிற்சிக்குத் தெரிந்த பாட்டுதான் நல்லது, ஏனெனில் உடைக்க வேண்டியது அந்தத் 'தெரியும்' என்பதைத்தான்.

முதல் சுற்று: நேர்ப்பொருள்

ஆங்கில விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1929இல் அவர் வெளியிட்ட நூலில் வாசகர்கள் தடுமாறும் 10 இடங்களைப் பட்டியலிட்டார். அதில் முதலாவது, கவிதை நேராக என்ன சொல்கிறது என்பதே பிடிபடாமல் போவது. நன்றாகப் படித்த மாணவர்களே அங்கே சறுக்கியிருந்தார்கள். ஆகவே இந்தச் சுற்றை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

நான்கு கேள்விகள்: யார் பேசுகிறார், யாரிடம், எதைப் பற்றி, வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையும் எவை? நம் பாடலில் 'உயர்ந்தன்று' என்பது இன்றைய காதுக்கு மறுப்பாகக் கேட்கும். அது 'உயர்ந்தது' என்ற உடன்பாட்டு வினை. 'ஆரளவின்று' என்பதும் அப்படியே, அரிய அளவை உடையது. 'நீர்' இங்கே கடல். எழுவாய் 'நட்பு', அதுவும் கடைசிச் சொல். நேர்ப்பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: சாரலில் கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு பெருந்தேன் இழைக்கப்படும் நாட்டை உடையவனோடு கொண்ட நட்பு, நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட அளத்தற்கரியது.

இந்த வாக்கியத்தை எழுதியபோது நீங்கள் இரண்டு காரியம் செய்துவிட்டீர்கள். எழுவாயைத் தேனுக்கு அடுத்து, ஒப்பீடுகளுக்கு முன்னால் கொண்டுவந்தீர்கள். 'இழைக்கும்' என்பதை 'இழைக்கப்படும்' என்று மாற்றினீர்கள். உரைகளும் இதைத்தான் செய்கின்றன. கொண்டுகூட்டி, அதாவது சொற்களை இடம் மாற்றிச் சேர்த்துப் பொருள் சொல்வது நம் உரைமரபின் பெரிய பலம். ஆனால் கொண்டுகூட்டியதும் பாட்டின் சொல்வரிசை மறைந்துவிடுகிறது. உரையைப் பாருங்கள், பார்த்த பிறகு மூலத்தின் வரிசைக்குத் திரும்புங்கள். மாற்றி எழுத வேண்டியிருந்த ஒவ்வோர் இடத்தையும் குறித்துவையுங்கள், அடுத்த சுற்றுக்கு அவைதான் சரக்கு.

இரண்டாம் சுற்று: 20 கவனிப்புகள்

இங்கே ஒரு கண்டிப்பான விதி: விளக்கம் கூடாது. 'இது காதலின் மேன்மையைக் காட்டுகிறது' என்பது விளக்கம். 'ஏகாரம் மூன்று முறை வருகிறது' என்பது கவனிப்பு. எதிரில் இருப்பவர் பிரதியைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று உடனே சொல்லக்கூடியதாக ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். 20 எழுதுங்கள். முதல் 7, 8 எளிதாக வரும், எல்லோருக்கும் அவைதான் வரும். பதினைந்தைத் தாண்டிய பிறகு வருபவைதான் உங்கள் கட்டுரையை உங்களுடையதாக ஆக்கும். அதனால்தான் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதில்லை.

திரும்ப வருவது, எதிரெதிரே நிற்பது, வழக்கத்துக்கு மாறானது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதது என்ற நான்கையும் தேடுங்கள். புதியவர்கள் நான்காவதை மறந்துவிடுவார்கள். இந்தப் பாடலில் கிடைப்பவற்றில் சில:

ஒப்பீடுகள் மூன்றும் முதல் 7 சீர்களுக்குள் முடிந்துவிடுகின்றன. 'சாரல்' இரண்டாம் அடியின் கடைசியில் நின்றாலும் பொருளால் மூன்றாம் அடியைச் சேர்ந்தது. ஆகவே பெரும்பரப்பிலிருந்து மலைச்சரிவுக்கு மாறும் இடம் அடியின் முடிவில் இல்லை, அடிக்கு உள்ளேயே இருக்கிறது. பெரிதே, அளவின்றே, நட்பே என மூன்று இடத்தில் ஏகாரம், 'உயர்ந்தன்று' மட்டும் அது இல்லாமல் நிற்கிறது. 'கருங்கோல்', 'பெருந்தேன்' இரண்டும் அடி எதுகை. 'ஆழம்' என்ற சொல் பாட்டில் இல்லை. 'காதல்', 'காமம்' இல்லை, இருப்பது 'நட்பு'. தேனை இழைப்பது எது என்று சொல்லவில்லை. வண்டோ தேனீயோ பாட்டில் இல்லை. 'நான்' இல்லை, 'என்' இல்லை. நட்பு யாருடையது என்பதும் சொல்லப்படவில்லை. 'உயர்ந்தன்று' இறந்தகால வடிவம், 'இழைக்கும்' முடியாமல் தொடரும் செயலைச் சொல்லும் பெயரெச்சம்.

ஓசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'வல்லெழுத்து மிகுந்து வருவதால் கோபம் தெரிகிறது' என்பதுபோல எழுதாதீர்கள். அதே எழுத்துகள் மிகுந்த அமைதியான பாட்டை உடனே ஒருவர் காட்டிவிடுவார். ஓசை எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு இணைக்கிறது என்பது வரை சொல்லலாம், அது பிரதியில் இருக்கிறது.

மூன்றாம் சுற்று: அகராதியும் யாப்பும்

கவனித்தவற்றில் எது கவிஞரின் தேர்வு, எது வடிவத்தின் கட்டாயம் என்று பிரிக்க வேண்டும். மூன்றாம் அடி மற்றவற்றைவிடக் குறுகியது, 3 சீர்தான். 'பூவின் மென்மையைக் காட்ட அடி சுருங்குகிறது' என்று எழுதத் தோன்றும். எழுதினால் தவறு. இது நேரிசை ஆசிரியப்பா; ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராக வருவது அதன் இலக்கணம். வடிவம் கட்டாயப்படுத்தியதைக் கவிஞரின் நுட்பமாகக் கொண்டாடுவது நுண்வாசிப்பில் அடிக்கடி நடக்கும் பிழை. அந்தக் குறுகிய அடியில் எதை வைத்தார் என்று கேட்பது சரியான கேள்வி.

அகராதிக்கு வாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தெற்காசிய நூலகத்தில் இணையத்திலேயே தேடலாம். ஒரு பாடலுக்குக் குறைந்தது 5 சொல்லையாவது பாருங்கள், தெரிந்த சொற்களையும் சேர்த்து. 'இழைத்தல்' என்றதும் இன்று தச்சர் மரம் இழைப்பது நினைவுக்கு வரும். அந்தப் பொருளை இந்தப் பாட்டில் ஏற்றக்கூடாது. இங்கே செய்தல், அமைத்தல். பழைய பிரதியில் இன்றைய பொருளை ஏற்றுவது எவ்வளவு தவறோ, அகராதியில் உள்ள எல்லாப் பொருளையும் ஒரே இடத்தில் கொட்டி 'பல்பொருள் தன்மை' என்று பெயர் சூட்டுவதும் அவ்வளவு தவறு. இன்னொரு பொருளையும் ஏற்க வேண்டுமானால் பிரதியின் வேறொரு சொல் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் தகவலுக்கும் இதே கட்டுப்பாடு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது என்பதை வைத்து, 'அரிதாகப் பூக்கும் பூவைப்போல அரிதான நட்பு' என்று எழுதுபவர்கள் பலர். பாட்டு அந்தக் கால இடைவெளியைச் சொல்லவில்லை. பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. ஆனால் 'இது தாவரவியல் தகவல், பாட்டில் இல்லை' என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, அது பாட்டின் எந்தச் சொல்லைத் தெளிவாக்குகிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான்காம் சுற்று: கேள்வி, கருத்து, எதிர்ச்சான்று

இப்போது கவனிப்புகளில் ஒன்றோடொன்று பேசும் இரண்டையோ மூன்றையோ எடுங்கள். தேனை இழைப்பவர் இல்லை, நட்பு கொண்டவர் இல்லை. இரண்டு இன்மைகளுக்கும் தொடர்பு உண்டா? இது ஒரு கேள்வி. அதிலிருந்து ஒரு கருத்து: உருவானதை அளந்து சொல்லும் இந்தப் பாட்டு, உருவாக்குபவரை இரண்டு இடத்திலும் சொல்லாமல் விடுகிறது.

கருத்து கிடைத்ததும் மகிழ்ந்துவிடாமல் அதை உடைக்கப் பாருங்கள். முதல் எதிர்ப்பு: தமிழில் எழுவாயை விட்டுப் பேசுவது இயல்புதானே? உண்மை. அப்படியானால் இதே தொகையில் எழுவாயைச் சொல்லும் பாட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். 40ஆம் பாடலில் 'யானும் நீயும்' என்று நேராகவே வருகிறது. இரண்டாவது எதிர்ப்பு: வண்டைச் சொல்லாமல் விடுவது மரபோ? 2ஆம் பாடல் தும்பியை விளித்தே தொடங்குகிறது. ஆகவே சொல்லவும் வழி இருந்தது, சொல்லாமல் விடவும் வழி இருந்தது. இதற்குமேல் இந்தச் சான்றை இழுக்கக்கூடாது. பாடல்களின் வரிசை தொகுத்தவர் செய்தது, தேவகுலத்தார் 2ஆம் பாடலுக்கு மறுமொழி சொல்கிறார் என்றெல்லாம் எழுத இடமில்லை.

ஒரு கருத்து நல்லதா என்று பார்க்க எளிய சோதனை: பிரதியில் எந்தச் சொல் மாறியிருந்தால் நீங்கள் இந்தக் கருத்தைக் கைவிடுவீர்கள்? 'வண்டு' என்ற சொல் இருந்திருந்தால் மேலே சொன்னது விழுந்துவிடும். எந்தச் சொல் மாறினாலும் நிற்கும் கருத்து, இந்தப் பாட்டைப் பற்றியதாக இருக்காது.

ஐந்தாம் சுற்று: பாட்டைச் சுற்றியிருப்பது

இதுவரை வேண்டுமென்றே ஒன்றைத் தள்ளிவைத்தோம். பாட்டோடு ஒரு துறைக்குறிப்பு வருகிறது: தலைவன் வேலிப்புறத்தில் நிற்கிறான், அவன் மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழிக்கிறாள், அப்போது தலைவி அவனைப் புகழ்ந்து சொன்னது. குறிப்பைப் படித்ததும் பாட்டு வேறாகிவிடுகிறது. தனிமொழியாகக் கேட்டது மறுமொழியாகக் கேட்கிறது. மூன்று ஒப்பீடுகளும் தோழியின் பழிச்சொல்லுக்குப் பதில், கூடவே மறைந்து நிற்பவன் காதில் விழ வேண்டியவை. 'இழைக்கும்' என்ற முடிவுறாத வினை, இன்னும் நடக்காத திருமணத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறது.

துறைக்குறிப்பு பாட்டின் பகுதியல்ல, பாட்டை ஒரு சூழலில் வைத்துப் படித்த பழைய வாசிப்பு. ஆகவே இரண்டு முறை வாசியுங்கள், குறிப்பு இல்லாமல் ஒன்று, குறிப்போடு ஒன்று. எது எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரையில் பிரித்துக் காட்டுங்கள். நவீன நூலென்றால் இதே இடத்தில் முன்னுரை, அட்டைக்குறிப்பு, நேர்காணல், பத்திரிகை விமர்சனம் ஆகியவை வரும். அவற்றையும் இப்படியே கையாளுங்கள்.

ஒரு பத்தி எழுதிப் பார்ப்பது

பெரும்பாலும் முதலில் வரும் பத்தி இப்படியிருக்கும்: "இப்பாடலில் தலைவி தன் காதலின் ஆழத்தை இயற்கையோடு ஒப்பிட்டு அழகாகக் கூறுகிறாள். தேன் இன்பத்தின் குறியீடு. சங்க மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்ததை இது காட்டுகிறது." காதல், ஆழம் இரண்டும் பாட்டில் இல்லாத சொற்கள். தேனுக்கு இன்பம் என்று பட்டியல் பார்த்துப் பொருள் போட்டாயிற்று. மூன்றாவது வாக்கியத்தை வேறு நூறு பாட்டுகளுக்கும் எழுதலாம்.

அதே இடத்தில்: "'நட்பே' என்ற சொல் வரும்வரை பெரியது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. நிலம், வான், நீர் என்ற ஒப்பீடுகள் 7 சீர்களில் முடிகின்றன. 'சாரல்' தொடங்கியதும் அளவைச் சொற்கள் நின்று ஒரு வேலை நடக்கிறது: பூவைக் கொண்டு தேன் இழைத்தல். அந்த வேலையைச் செய்வது யார் என்று பாட்டு சொல்வதில்லை, நட்பு யாருடையது என்றும் சொல்வதில்லை. 'உயர்ந்தன்று' என்ற முடிந்த வினைக்கு எதிரே 'இழைக்கும்' முடியாமல் நிற்கிறது. அளவால் நிறைந்துவிட்டதாகச் சொல்லப்படும் நட்பு, உருவாகும் விதத்தில் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது." இதில் பிரதியிலிருந்து எடுத்த சொற்கள் எல்லாம் ஒன்றிரண்டு சொல் நீளம்தான். முழு அடிகளை மேற்கோளாகப் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதில் பயனில்லை. மேற்கோள் ஒரு வரியென்றால் அதைப் பற்றிய பேச்சு மூன்று வரியாவது இருக்க வேண்டும்.

வாரம் ஒரு பகுதி, கடைசி நாளில் 400 முதல் 600 சொல் வரை ஒரு கட்டுரை. 6 வாரத்தில் மூன்று கவிதை, மூன்று உரைநடைப் பத்தி. உரைநடையில் யார் கண்ணால் பார்க்கிறோம், எந்த வாக்கியத்தில் காலம் மாறுகிறது, யாருடைய பேச்சு நேர்கூற்றாகவும் யாருடையது அயற்கூற்றாகவும் வருகிறது என்பவற்றைக் கூடுதலாகக் குறியுங்கள்.

கோட்பாட்டுக் கட்டுரையை வாசிக்கும் முறை

20 பக்கக் கட்டுரைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், மூன்று சுற்றாக.

முதல் சுற்றில் யாரோடு வாதாடுகிறார் என்பதை மட்டும் தேடுங்கள். ஸ்பிவாக்கின் 1988 கட்டுரை, ஃபூக்கோவும் தத்துவவாதி தெலூசும் நடத்திய ஓர் உரையாடலை விமர்சித்துத் தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் 'அடித்தள மக்கள் பேச முடியாது' என்ற முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மக்களைப் பற்றிய ஒரு குறைக்கூற்றாகவே கேட்கும். அவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் அறிவாளிகளைப் பற்றிய விசாரணை அது. தெரிதா 1966இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையும் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸை வாசிக்கும் உரை. லெவி-ஸ்ட்ராஸில் 10 பக்கமாவது படிக்காமல் அதற்குள் போவது கடினம்.

இரண்டாம் சுற்று கலைச்சொற்களுக்கு. ஒவ்வொரு சொல்லையும் அந்தக் கட்டுரை எதற்கு எதிராக வைக்கிறது என்று எழுதுங்கள், அகராதிப் பொருள் உதவாது. இதற்கு ஒரு குறிப்பேடு கட்டாயம் வேண்டும், ஏனெனில் தமிழில் ஒரே கருத்துக்குப் பல சொற்கள் புழங்குகின்றன. தெரிதாவின் முறையைக் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு என்று வெவ்வேறு நூல்களில் பார்ப்பீர்கள். கருத்தியல் (ideology) என்று இங்கே எழுதுவதை இலங்கை எழுத்தாளர்கள் பலர் கருத்துநிலை என்பார்கள். சொல்லாடலும் (discourse) கதையாடலும் (narrative) வேறு வேறு, புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இதே சிக்கல் உண்டு: மொழியியலாளர் சொசூரின் குறிப்பான், குறிப்பீடு என்ற இணைச்சொற்களை 1959இல் பாஸ்கினும் 1983இல் ஹாரிஸும் வெவ்வேறாகவே பெயர்த்தார்கள். குறிப்பேட்டில் தமிழ்ச் சொற்கள் அனைத்தும், ஆங்கிலம், முடிந்தால் மூலமொழி என்று தனித்தனிப் பத்தி போடுங்கள். உங்கள் கட்டுரையில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாம் சுற்றில் அவர் தரும் எடுத்துக்காட்டை மட்டும் திரும்பப் படியுங்கள். பலரும் எடுத்துக்காட்டைத் தாண்டி முடிவுக்கு ஓடுவார்கள். அது தலைகீழான பழக்கம், முறை முழுவதும் எடுத்துக்காட்டில்தான் இருக்கிறது. கடைசியாக, கட்டுரையின் கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் அதன் வாதத்தை 150 சொல்லில் எழுதுங்கள். முடியவில்லையென்றால் மறுபடி இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டும்.

புகழ்பெற்ற வாக்கியங்களிடம் கூடுதல் கவனம் தேவை. 'பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை' என்பதை, உலகமே கிடையாது, சொற்கள்தான் உண்டு என்று தெரிதா சொன்னதாகப் பரப்பிவிட்டார்கள். 1976இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்த ஸ்பிவாக், மூலத்தின் பிரெஞ்சுத் தொடரையும் 'வெளிப்பிரதி என்று ஒன்று இல்லை' என்ற பொருளையும் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் கொடுத்திருக்கிறார். ரூசோவின் வாழ்க்கையைக் காட்டி அவர் எழுத்தை விளக்க முயன்றால் அந்த வாழ்க்கையும் எழுத்தாகவே நமக்குக் கிடைக்கிறது என்ற இடத்தில் வரும் வாக்கியம் அது.

எந்த வரிசையில்

முதலில் சொசூர். ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை நடத்திய வகுப்புகளின் குறிப்புகளைத் தொகுத்து, அவர் இறந்தபின் 1916இல் சக பேராசிரியர்கள் வெளியிட்ட நூல். சொற்கள் வேறுபாட்டால்தான் பொருள் பெறுகின்றன என்ற ஒரு கருத்து போதும் இப்போதைக்கு. அடுத்து ரஷ்ய உருவவியலாளர் ஷ்க்ளோவ்ஸ்கியின் 1917 கட்டுரை. பிறகு விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியரின் நோக்கத்தைப் பற்றி 1946இல் எழுதியது, பார்த் 1967இல் எழுதியது, ஃபூக்கோ 1969இல் ஆசிரியர் என்றால் என்ன என்று கேட்டது. இந்த மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூன்றும் 'ஆசிரியர் முக்கியமில்லை' என்று சொல்வதாகக் கலந்து எழுதுவது தேர்வுத்தாள்களில் நிரந்தரமாகக் காணப்படும் பிழை. முதலிருவர் ஆசிரியரின் நோக்கத்தை மதிப்பீட்டுக்கு அளவுகோலாக வைக்காதே என்கிறார்கள். பார்த் பிரதியின் ஒருமையை வாசகரிடம் கொண்டுபோய் வைக்கிறார். ஃபூக்கோவோ ஆசிரியர் பெயர் சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கிறார். மூன்றும் மூன்று வேறு கேள்விகள்.

அதற்குப் பிறகு தெரிதா, கருத்தியல் பற்றிய அல்தூசரின் 1970 கட்டுரை, சைதின் 1978 நூலான 'ஓரியண்டலிச'த்தின் அறிமுகம், ஸ்பிவாக், பட்லரின் 1990 நூலான 'ஜெண்டர் ட்ரபி'ளின் முதல் அத்தியாயம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று போனால் ஒரு பருவத்தைத் தாண்டும், தாண்டட்டும். தமிழில் அமைப்பியலுக்குத் தமிழவன் எழுதியதும், மார்க்சிய விமர்சனத்துக்குக் கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுதியவையும் பக்கத்தில் இருந்தால், கருத்துகள் தமிழ்ப் பிரதிகளில் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்க்கலாம். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தையும் இந்த வரிசையில் ஒரு கோட்பாட்டு நூலாகவே வையுங்கள். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களையே (நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை போன்றவற்றையே) உள்ளுறைக்கு, அதாவது வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தும் பொருளுக்கு, அடித்தளமாகக் கொள்ளச் சொல்லும் நூற்பா, எந்தச் சான்று செல்லும், எது செல்லாது என்று வரையறுக்கிறது. வாசிப்பு முறை பற்றிய கறாரான சிந்தனை அது.

கோட்பாட்டைப் பிரதியிடம் கொண்டுபோவது

ஒரு கோட்பாட்டிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள். நம் பாடலில் சொசூர் வழியாக: 'குறிஞ்சி' தனியாக நின்று கூடலைக் குறிக்கிறதா, அல்லது முல்லை, நெய்தல் முதலியவற்றிலிருந்து வேறுபடுவதால் குறிக்கிறதா? தெரிதா வழியாக: அளக்க முடியாதது என்று சொல்ல ஏன் 'இனும்' என்ற அளக்கும் உருபு மூன்று முறை தேவைப்படுகிறது? பெண்ணிய வாசிப்பில்: மணமுடிக்கும் முடிவு அவனிடம் இருக்க, அவள் பேச்சு அவனை அசைக்கும் வழியாக மட்டும் இருக்கிறதா? கவனியுங்கள், கடைசிக் கேள்விக்கான சான்று துறைக்குறிப்பில்தான் இருக்கிறது. பாட்டில் அந்த அழுத்தம் நேராக இல்லை, 'நட்பு' என்ற சொல் இருவரையும் சமமாகவே நிறுத்துகிறது. ஆகவே நல்ல பெண்ணியக் கட்டுரை ஒன்று இங்கே பாட்டும் குறிப்பும் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தைப் பற்றியதாக இருக்கும்.

மார்க்சியக் கேள்வி மிக எளிதாக வந்து விழும்: உழைப்பவர் மறைக்கப்பட்டிருக்கிறார், வண்டு இல்லை, தேன் நாடனின் நாட்டுக்கு அடைமொழியாகிவிட்டது. கவர்ச்சியான வாசிப்பு. ஆனால் இவ்வளவு வேகமாக வந்ததே சந்தேகிக்க வேண்டிய காரணம். 'நாடன்' என்ற சொல் உடைமையைக் குறிக்கிறதா, வாழிடத்தையா? குறுந்தொகையின் பிற பாடல்களில் தேன் எடுப்பவர் வரும்போது நாடனோடு எப்படி இணைக்கப்படுகிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தேடாமல் எழுதினால் அது முத்திரை குத்துவது மட்டுமே. பாட்டைப் படிக்கும் முன்பே உங்கள் முடிவு தெரிந்திருந்தது என்றால் அந்தக் கோட்பாடு அங்கே வேலை செய்யவில்லை.

எழுதி முடித்த பிறகு

வரைவை அச்செடுத்து இரண்டு நிறப் பேனாவோடு உட்காருங்கள். பிரதியிலிருந்து சான்று உள்ள வாக்கியங்களை ஒரு நிறத்திலும், கோட்பாட்டாளரின் பெயரை நம்பி நிற்கும் வாக்கியங்களை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். இரண்டாம் நிறம் தொடர்ந்து ஐந்தாறு வரி ஓடினால் அங்கே பிரதி காணாமல் போயிருக்கிறது. அந்த இடத்துக்கு உங்கள் 20 கவனிப்புகளிலிருந்து ஒன்றைக் கொண்டுவாருங்கள், கிடைக்காவிட்டால் பத்தியை வெட்டுங்கள். பிறகு எல்லாக் கலைச்சொற்களையும் தாளால் மறைத்துப் படித்துப் பாருங்கள். வாதம் நடந்தால் சொற்கள் இருக்கலாம்.

மேற்கோள்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பதிப்பைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். குறுந்தொகைக்கு உ.வே. சாமிநாதையரின் 1937 பதிப்பைப் பயன்படுத்தினால் அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். பதிப்புக்குப் பதிப்பு பாடமும் சந்திபிரிப்பும் மாறும், 'ஆரளவின்றே' போன்ற இடத்தில் பிரிப்பு மாறினால் வாதமே மாறிவிடும். கடைசியாக, பாட்டைப் படிக்காத ஒருவரிடம் முதலில் பாட்டையும் பிறகு உங்கள் பத்தியையும் கொடுங்கள். எந்த வாக்கியத்தில் அவர் பாட்டைத் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையென்றால் இரண்டாம் சுற்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.